ஒரே சாலையில் பல தடங்கள்: பேருந்து நேரங்களை ஒன்றோடொன்று பொருத்தும் முறை

பாபநாசத்தில் கும்பகோணம் செல்வதற்காக நிற்கும் ஒருவரின் முன்னால் ஐந்தைந்து நிமிட இடைவெளியில் நான்கு பேருந்துகள் கடந்துபோய், அதன் பிறகு முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுமே வராவிட்டால், அந்தச் சாலைக்குப் பேருந்து போதவில்லை என்றுதான் அவர் மனு எழுதுவார். மணிக்கு நான்கு பேருந்து என்பது உண்மையில் குறைவான எண்ணிக்கை அல்ல. வெவ்வேறு பணிமனைகளின் அட்டவணைப்படி ஓடும் அந்த நான்கும், ஒன்றின் நேரத்தை மற்றொன்று கணக்கில் கொள்ளாமல் புறப்படுவதே குறை.

இந்தக் குறையின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் விழும் ஒவ்வோர் இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுத்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் பயணியின் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். இடைவெளிகள் 5, 5, 5, 45 என்றால் கூட்டுத்தொகை 2,100. அதை 120-ஆல் வகுத்தால் பதினேழரை நிமிடம். அதே நான்கு பேருந்துகள் 15 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் ஏழரை நிமிடம் மட்டுமே. ஒரு பேருந்தையோ ஒரு லிட்டர் டீசலையோ கூட்டாமல் ஒவ்வொரு பயணிக்கும் பத்து நிமிடம் மிச்சமாகிறது என்பதால்தான் இந்த வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

பணிமனையில் நேர அட்டவணை வேலைக்குப் புதிதாக வந்தவர்களையும், ஊராட்சியிலோ நுகர்வோர் அமைப்பிலோ இருந்துகொண்டு பேருந்து நேரம் பற்றிக் கோரிக்கை தயாரிப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இதில் வரும் ஓட்ட நிமிடங்கள் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் தடத்துக்குரியவற்றை நீங்களே அளந்து அந்த இடத்தில் போட வேண்டும்.

பொதுப்பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

காவிரி டெல்டாவில் முதன்மைச் சாலைகள் ஊர்களைக் கோத்துச் செல்ல, கிராமங்களுக்கான சாலைகள் அவற்றிலிருந்து பிரிந்து போகின்றன. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நோக்கிப் புறப்படும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தாராசுரத்தில் பட்டீஸ்வரத்துக்கும், திருவலஞ்சுழியில் சுவாமிமலைக்கும், பாபநாசத்தில் திருக்கருகாவூருக்கும் வழி பிரிகிறது. எஞ்சிய பேருந்துகள் அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போகின்றன. பல தடங்கள் சேர்ந்து ஓடும் சாலைத் துண்டைப் பொதுப்பாதை என்று வைத்துக்கொண்டால், இது ஒரே பொதுப்பாதை அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய மூன்று பொதுப்பாதைகள். கும்பகோணத்துக்கும் தாராசுரத்துக்கும் இடையில் எல்லாத் தடங்களும் ஓடும். திருவலஞ்சுழி தாண்டினால் சில குறையும். பாபநாசம் தாண்டினால் இன்னும் குறையும். நாச்சியார்கோவில் சாலையும் இப்படித்தான்: திருவாரூர் செல்லும் தடமும் பூந்தோட்டம் வழியாகக் காரைக்கால் செல்லும் தடமும் அதுவரை ஒன்றாக வந்து பிறகு பிரிகின்றன.

ஒரு பெரிய தாளில் சாலையை வரைந்து, பிரிவுகளைக் குறித்து, ஒவ்வொரு துண்டிலும் ஓடும் பேருந்துகளை எழுதுவது முதல் வேலை. உங்கள் பணிமனைப் பேருந்துகளை மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பிற பணிமனைகளுடையவை, பிற மண்டலங்களிலிருந்து வருபவை, தனியார் பேருந்துகள், சிற்றுந்துகள் ஆகிய அனைத்தையும் சேர்க்க வேண்டும். காரைக்கால் பக்கத்துத் தடமானால் புதுச்சேரிப் பேருந்துகளையும் விட்டுவிடக் கூடாது. நிறுத்தத்தில் நிற்கும் பயணிக்கு வண்டியின் நிறம் முக்கியமில்லை. ஆனால் நிற்காமல் போகும் வண்டியைக் கணக்கில் சேர்ப்பதும் தவறு. நான்குவழிச் சாலையில் புறவழியாகப் போகும் விரைவுப் பேருந்து பாபநாசம் ஊருக்குள் வராது என்றால், தஞ்சாவூர் பயணிக்கு அது ஒரு பேருந்து. பாபநாசம் பயணிக்கு அது இல்லாத பேருந்து.

பெரும்பாலான புதியவர்கள் பேருந்து நிலையத்தின் புறப்பாட்டு நேரங்களைச் சீராக்கப் பார்க்கிறார்கள். நிலையத்தில் சீராக இருப்பது சாலையில் சீராக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை; மயிலாடுதுறையிலிருந்து வரும் பேருந்து கும்பகோணத்தில் தொடங்குவதே இல்லை. தடங்கள் சேரும் இடத்தையோ பிரியும் இடத்தையோ அளவுப் புள்ளியாக வைத்து, அங்கே நேரங்கள் எப்படி விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் புறப்பாட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்.

அதற்கு ஓட்ட நேரம் சரியாகத் தெரிய வேண்டும். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் ஒரே ஓட்ட நேரத்தை எழுதியிருக்கும் அட்டவணை நடைமுறைக்கு உதவாது. தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் இடையிலான ஓட்டத்தைத் தனித் துண்டாகவே அளக்க வேண்டும். நீடாமங்கலம் போன்ற இடங்களில் ரயில்வே கேட் அடைபடும் வேளைகளைக் கேட்டறிந்து எழுத வேண்டும். சம்பா அறுவடைக் காலத்தில் டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் சாலையில் நிறைந்திருக்கும்போது எடுத்த அளவை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது.

பயணச்சீட்டை எண்ணுங்கள், வசூலை அல்ல

எந்தத் துண்டில் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்பது நடத்துநரின் மின்னணு டிக்கெட் கருவியிலிருந்தே ஓரளவு கிடைக்கும். ஏறும் ஸ்டேஜும் இறங்கும் ஸ்டேஜும் அதில் பதிவாகின்றன. ஆனால் வசூலை அளவுகோலாக வைத்தால் கணக்கு கோணலாகிவிடும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். வசூல் குறைவாகத் தெரியும் ஒரு காலை நடையில், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் நின்றுகொண்டு பயணம் செய்துகொண்டிருக்கலாம். அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு வழங்கப்படுவதால், சீட்டின் எண்ணிக்கையைப் பார்த்தால் உண்மை தெரியும். வசூல் இல்லை என்று சொல்லி இத்தகைய நடையைத் தள்ளிவைப்பதைப் போன்ற தீங்கு அட்டவணை வேலையில் வேறில்லை.

நகர்த்த முடியாத நேரங்கள்

சீரான இடைவெளியைத் தேடுவதற்கு முன், எதற்காகவும் நகர்த்தக் கூடாத நேரங்களைத் தாளில் பதித்துவிடுங்கள். பள்ளி, கல்லூரி தொடங்கும் மணியும் விடும் மணியும் அவற்றில் முதலாவது. கிராமத்துக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து இரண்டாவது. கும்பகோணத்தில் வேலை முடித்து வருபவர் அதைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுப்பதில் அன்றைய கூலியின் பெரும்பகுதி போய்விடும். ரயில் இணைப்பு மூன்றாவது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் நிலையங்களுக்கு வரும் காலை ரயிலைப் பிடிக்க வேண்டிய கிராமப் பேருந்தைப் பத்து நிமிடம் தள்ளினால் அந்தப் பேருந்துக்கே பொருளில்லாமல் போகும்.

நான்காவதாக, குறுக்குச் சந்திப்பு. நீடாமங்கலத்தில் தஞ்சாவூர்–திருவாரூர் சாலையும் கும்பகோணம்–மன்னார்குடி சாலையும் சந்திக்கின்றன. வலங்கைமானில் ஏறித் திருவாரூர் போக வேண்டியவர் அங்கே மாறுகிறார். அடிக்கடி பேருந்து உள்ள தடங்களுக்கு இடையே இணைப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மணிக்கு ஒன்று மட்டுமே உள்ள தடத்தில்தான் இணைப்பைக் காப்பாற்ற வேண்டும். மாறுவதற்கு ஏழெட்டு நிமிடமாவது விடுங்கள். மூன்று நிமிட இணைப்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இடைவெளியைப் பங்கிடுதல்

இப்போது எஞ்சியுள்ள நேரங்களைப் பொருத்தலாம். முதலில் எல்லாத் தடங்களும் ஒரு மணி நேரத்துக்குள் முழுமையாகச் சுழலும் எண்ணில் ஓடுமாறு செய்ய முயலுங்கள்: 15, 20, 30, 60 ஆகியவை நல்ல எண்கள். ஒரு தடம் 30 நிமிடத்துக்கு ஒன்றும் இன்னொன்று 40 நிமிடத்துக்கு ஒன்றுமாக ஓடினால், அவற்றை எங்கே வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்றில் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் அரை மணி நேரம் விலகியும்தான் வரும். பயணிகளுக்கு நேரம் நினைவில் நிற்பதும் மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் வரும்போதுதான்.

கும்பகோணத்திலிருந்து மணிக்கு மூன்று பேருந்துகள் தஞ்சாவூருக்கும் ஒன்று பாபநாசம் வழியாகத் திருக்கருகாவூருக்கும் போவதாக வைத்துக்கொள்வோம். பாபநாசம் வரையில் நான்கு பேருந்துகள். 00, 15, 30 ஆகிய நிமிடங்களில் தஞ்சாவூரும் 45-இல் திருக்கருகாவூரும் புறப்பட்டால் பாபநாசம் பயணிக்குச் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். ஆனால் தஞ்சாவூர் பயணிக்கு இடைவெளி 15, 15, 30 ஆகி, காத்திருப்பு பதினொன்றே கால் நிமிடமாகிறது. மாறாகத் தஞ்சாவூர் பேருந்துகளை 00, 20, 40 என்று சீராக வைத்துத் திருக்கருகாவூரை 50-இல் விட்டால், தஞ்சாவூர் பயணிக்குப் பத்து நிமிடம். பாபநாசம் பயணிக்கு எட்டரைக்குச் சற்றுக் குறைவு. ஒருவருக்குச் சீராக இருந்தால் மற்றவருக்குச் சீர் குலைகிறது. இந்தச் சிக்கல் எல்லாப் பொதுப்பாதையிலும் உண்டு. அட்டவணை போடுபவர் மறைக்காமல் எடுத்து வைத்துப் பேச வேண்டியதும் இதைத்தான்.

இரு முனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். தஞ்சாவூர் பேருந்துகளை 00, 18, 36 என்றும் திருக்கருகாவூரை 48 என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் பயணிக்கு 10.2 நிமிடம், பாபநாசம் பயணிக்கு 7.8 நிமிடம். இரண்டு பக்கத்திலும் இழப்பு அரை நிமிடத்துக்கும் குறைவு. பெரிய இடைவெளியைச் சற்றே சுருக்கினால் காத்திருப்பு வேகமாகக் குறையும் என்பதால், நடுவழி எப்போதுமே எதிர்பார்ப்பதைவிட நன்றாக அமைகிறது.

நீண்ட பொதுப்பாதையை இப்படி முதலில் முடித்துவிட்டு, குறுகிய தடங்களை அதன் இடுக்குகளில் நிரப்ப வேண்டும்; வரிசையை மாற்றினால் வேலை முடியாது. சுவாமிமலைக்கு மணிக்கு இரண்டு நடை என்றால் 27, 54 ஆகிய நிமிடங்களிலும், பட்டீஸ்வரத்துக்கு ஒன்று என்றால் 09-இலும் வைக்கலாம். அப்போது தாராசுரம் வரை 00, 09, 18, 27, 36, 48, 54 என ஏழு பேருந்துகள் கிடைக்கின்றன. எந்த இடைவெளியும் 12 நிமிடத்தைத் தாண்டவில்லை. சுவாமிமலைக்கு 27 நிமிடமும் 33 நிமிடமும் மாறி மாறி வருவது பெரிய குறையல்ல.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பொதுப்பாதையில் நிற்பவர் ஆற்றின் தலைமடையில் இருப்பவரைப் போன்றவர், அவருக்கு எப்படியும் ஏதாவது கிடைக்கும். மணிக்கு ஒரு பேருந்தை நம்பியிருக்கும் கிளைச்சாலை ஊர்தான் கடைமடை. பொதுப்பாதையின் அழகுக்காக அந்த ஒரு பேருந்தை அவ்வூருக்குப் பயன்படாத நேரத்துக்கு நகர்த்துவது முறையல்ல.

திரும்பி வரும் திசை

போகும் திசையில் அழகாக அமைந்த அட்டவணை, திரும்பும் திசையில் குலைந்து கிடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தடங்கள் பிரியும் இடத்தை விட்டுப் போன பேருந்து, மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொரு தடத்துக்கும் எழுதுங்கள். அட்டவணை மணிக்கு ஒரு முறை சுழல்கிறது என்றால், அந்த எண்களின் வேறுபாடு 60-ஆகவோ அதன் மடங்காகவோ இருக்கும்போது, போகும் திசையில் உள்ள அதே இடைவெளிகள் திரும்பும் திசையிலும் விழும்.

முந்தைய எடுத்துக்காட்டில் கும்பகோணத்திலிருந்து பாபநாசம் 35 நிமிடம், அங்கிருந்து தஞ்சாவூர் 45 நிமிடம், தஞ்சாவூரில் நிறுத்தம் 10 நிமிடம் என்று கொண்டால், பாபநாசத்தை விட்ட பேருந்து 100 நிமிடத்தில் அங்கே திரும்பும். திருக்கருகாவூர் 15 நிமிட ஓட்டம், 10 நிமிட நிறுத்தம் என்றால் 40 நிமிடத்தில் திரும்பும். வேறுபாடு 60. ஆகவே பாபநாசத்தில் கும்பகோணம் நோக்கித் தஞ்சாவூர் பேருந்துகள் 15, 33, 51 ஆகிய நிமிடங்களில் வரும்போது, திருக்கருகாவூர் பேருந்து 03-இல், சரியாக 24 நிமிட இடைவெளியின் நடுவில் வந்து சேர்கிறது.

திருக்கருகாவூர் ஓட்டம் 20 நிமிடமாக இருந்தால் இந்தப் பொருத்தம் போய்விடும். பேருந்து 13-ஆவது நிமிடத்தில் பாபநாசம் வரும். அடுத்த இரண்டு நிமிடத்தில் தஞ்சாவூர் பேருந்து பின்னால் நிற்கும். அங்கே நிறுத்த நேரத்தை முற்றிலும் வெட்டிச் சரிசெய்ய நினைப்பது ஓட்டுநருக்குச் செய்யும் அநீதி. கும்பகோணத்தில் 48-க்குப் பதிலாக 43-இல் புறப்படச் செய்தால், போகும்போது முன்னால் 7 நிமிடமும் பின்னால் 17 நிமிடமும், வரும்போது முன்னால் 17-ம் பின்னால் 7-ம் ஆகிக் குறை இரு திசைக்கும் பகிர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் எண்களாகவே பார்த்தால் தலை சுற்றும். வரைதாளில் கிடையாக நேரத்தையும் செங்குத்தாக ஊர்களையும் குறித்து, ஒவ்வொரு நடையையும் ஒரு சாய்கோடாக இழுத்துவிட்டால், நெருக்கமும் வெறுமையும் கண்ணுக்கே தெரியும். கணினி விரிதாளில் செய்பவர்களும் முதல் சில தடங்களைக் கையால் வரைவது நல்லது.

வண்டியும் ஆளும்

போய்த் திரும்பும் மொத்தச் சுற்று நேரத்தைப் பேருந்து இடைவெளியால் வகுத்தால் தேவையான வண்டிகளின் எண்ணிக்கை வரும். மேற்கண்ட தஞ்சாவூர் தடத்தில் இரு முனை நிறுத்தங்களையும் சேர்த்துச் சுற்று நேரம் 180 நிமிடம். சராசரி இடைவெளி 20. ஆகவே ஒன்பது வண்டிகள். திருக்கருகாவூருக்கு 120 நிமிடச் சுற்றில் இரண்டு. காலை நெரிசலில் தஞ்சாவூர் ஓட்டம் இரு திசையிலும் 90 நிமிடமாக நீண்டால், ஒன்பது வண்டியை வைத்துக்கொண்டு அதே அட்டவணையைக் காப்பாற்ற நிறுத்த நேரம் முழுவதையும் விழுங்க வேண்டியிருக்கும். அந்த வேளைக்குப் பத்தாவது வண்டியைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இடைவெளியைச் சற்று நீட்டுங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலையையும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி ஓய்வையும் வகுத்திருந்தது. நிறுத்த நேரத்தில் கைவைத்த அட்டவணை மதியத்துக்குள் தாமதத்தில் மூழ்கிவிடுவதைப் பணிமனையில் உள்ள எவரும் சொல்வார்கள்.

தனியார் பேருந்துகள்

டெல்டாவின் பல சாலைகளில் தனியார் பேருந்துகள் கணிசமாக ஓடுவதால், அவற்றை விட்டுவிட்டுப் போடும் அட்டவணை பாதி வேலைதான். தனியார் பேருந்தின் நேரம் அதன் அனுமதியோடு சேர்ந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, நாளொன்றுக்கு எத்தனை நடை என்பதையும், அனுமதிக்கப்பட்ட கால அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையும், அந்த அட்டவணையைப் பேருந்திலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதையும் அனுமதியின் நிபந்தனைகளாக விதிக்க வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. எனவே தனியார் நேரத்தை மாற்ற வேண்டுமானால் அந்த ஆணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தடத்தில் ஓட்டும் மற்றவர்களும் தம் ஆட்சேபத்தைச் சொல்வார்கள். ஒரு பேருந்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் இன்னொன்று வந்தால் முன்னதற்குக் கூட்டமும் பின்னதற்குக் காலி இருக்கையும் கிடைப்பதால், ஐந்து நிமிடத்துக்காகக் கடும் வழக்காட்டம் நடப்பதில் வியப்பில்லை. அங்கே “எங்களுக்கு அநீதி” என்று வாதாடுவதைவிட, இரு பேருந்துகளுக்கும் இடையில் விழும் நிமிடங்களையும் அதற்குப் பின் வரும் வெறுமையையும் வரைதாளில் காட்டி, இருவருக்கும் கூட்டம் பிரிந்து கிடைக்கும் நேரத்தை முன்வைப்பது பலன் தரும். தடம் இரு மாவட்டங்களைத் தொட்டால், குறிப்பாக 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமான பின், இரு பக்கத்து அலுவலகங்களிலும் கேட்டறிவது நல்லது.

சாலையில் காப்பாற்றுதல்

நல்ல அட்டவணையும் ஓடத் தொடங்கியதும் கலையும். சற்றுத் தாமதமான பேருந்துக்கு அடுத்த நிறுத்தத்தில் அதிகக் கூட்டம் சேர்கிறது. அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்துக்கு ஆள் குறைந்து அது விரைந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. இதை முதல் மூன்று நிறுத்தங்களுக்குள் பிடிக்க வேண்டும். பிரியும் இடத்திலோ பெரிய நிறுத்தத்திலோ உள்ள நேரக்காப்பாளரிடம் தனித்தனிப் பேருந்தின் நேரத்தோடு, முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இருக்க வேண்டிய இடைவெளியையும் எழுதிக் கொடுங்கள். முன்கூட்டி வந்த பேருந்தை இரண்டு மூன்று நிமிடம் நிறுத்திவைப்பது அவர் கையில் இருக்கும் நல்ல கருவி. தாமதமானதை விரட்டுவது கருவியே அல்ல, ஆபத்து.

வேளாங்கண்ணி திருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான நாட்களுக்கும், மாசி மகத்துக்கும், பெருமுகூர்த்த நாட்களுக்கும் வழக்கமான அட்டவணையை இழுத்துப் பார்க்காமல் தனி அட்டவணை தயாரித்து வையுங்கள். சிறப்புப் பேருந்துகளுக்காக வண்டிகள் எடுக்கப்படும்போது முதலில் வெட்டப்படுவது கிராமத்து நடைகளே. எந்த நடைகளை எடுக்கக் கூடாது என்ற பட்டியல் முன்பே கையெழுத்தாகி இருந்தால் அவற்றைக் காப்பாற்றலாம். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களின் அதிகாலை நடைகள் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

மாற்றத்தை ஒரு திங்கட்கிழமையில் தொடங்காமல், கூட்டம் குறைந்த ஒரு வார இறுதியில் தொடங்கி இரண்டு வாரம் ஓடவிட்டு, அளவுப் புள்ளியில் நின்று உண்மையில் வரும் இடைவெளிகளைக் குறித்து, முதலில் சொன்ன பெருக்கல் கணக்கை மறுபடியும் போடுங்கள். ஓட்டுநர், நடத்துநர்களின் கருத்தை அந்த இரண்டாவது வாரத்தில் கேளுங்கள். முதல் வாரத்தில் எல்லாருக்குமே குழப்பம் இருக்கும். நிறுத்தங்களில் ஒட்டும் பலகையில் தடவாரியாக அல்லாமல் அந்த நிறுத்தத்தைக் கடக்கும் எல்லாப் பேருந்துகளையும் நேர வரிசையில், எந்த ஊர் வரை என்ற குறிப்போடு எழுதி, நடைமுறைக்கு வரும் தேதியை மேலே இட்டு, பழைய பலகைகளை அன்றே அகற்றிவிட வேண்டும்.